எழுந்து நிற்க ஒரு சட்டம் இல்லை

ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் ரூம் ஒன்று இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள மருத்துவப் பணியாளர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொன்னது. எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது அந்தப் பிரிவுதான். நர்ஸிங் முடித்ததும் கூடப் படித்தவர்கள் வேலூர், சென்னை, சவூதி என்று போனார்கள். நான் பேரணாம்பட்டை விட்டுப் போகவில்லை. ஷூவின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலையில், லைன் ஓடும் ஹாலை ஒட்டிய சின்ன அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கட்டில், ஒரு பி.பி. கருவி, எடை பார்க்கும் மெஷின், மருந்து அலமாரி. கதவில் ஆம்புலன்ஸ் ரூம் என்று எழுதியிருக்கும். பெண்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ‘சிஸ்டர் ரூம்’.

ஆரம்பத்தில் வந்ததெல்லாம் ஊசிக் காயம்தான். தையல் மெஷினின் ஊசி நகத்தில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அடுத்து, சொல்யூஷன் நெடியில் தலைவலி, காலையில் சாப்பிடாமல் வந்த மயக்கம், மாதவிலக்கு வலி. வந்தவர்கள் எல்லாரும் இருபது வயசுப் பிள்ளைகள். அதே பிள்ளைகள் கல்யாணம் முடித்து, குழந்தை பெற்று, திரும்ப அதே மெஷினுக்கு வந்து, நாற்பதை எட்டினார்கள். அப்போது அவர்கள் என் முன்னால் நீட்டிய கை, காயத்துக்குக் கட்டுப் போட அல்ல, பி.பி. பார்க்க. ‘படபடன்னு வருது சிஸ்டர்’, ‘மாடி ஏறினா மூச்சு வாங்குது’, ‘மார்ல எரியுது, கேஸ் மாத்திரை இருக்கா?’ என் மருந்து அலமாரியில் பஞ்சும் அயோடினும் குறைந்து, பி.பி. நோட்டு தடித்துக்கொண்டே போனது.

அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலை இழுத்து மேலே போடுவது, சாய்வுக் கட்டைமேல் விரித்து இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சீவுவது, பட்டைத் தண்ணீரில் புரட்டுவது, தோளில் சுமந்துபோய்க் காயப்போடுவது. ஈரத் தோலின் கனத்தைத் தூக்கினவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த உழைப்பு எந்தத் தெருக்காரர்கள் தலையில் விழுந்தது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும், நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. பிறகு டிரம் வந்தது, சதை சீவும் மெஷின் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலாக அனுப்பாதே, முடித்த பொருளாக அனுப்பு என்பது அதன் நோக்கம். நாட்டுக்கு டாலர் வந்தது, ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ லைன்கள் வந்தன, வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் வந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தெருவில் எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் பெயரில் வந்த முதல் பணம் அது. ஆனால் நின்றும் குனிந்தும் சுமந்தும் நடந்த ஒரு தொழில், ஒரு தலைமுறைக்குள் உட்கார்ந்துவிட்டது. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

லைன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நீண்ட மேஜைகள், இரண்டு பக்கமும் மெஷின்கள். வெட்டிய தோல் துண்டுகள் ஒரு முனையில் தட்டில் ஏறும். ஒருத்தி ஓரத்தைச் சீவி மெலிசாக்குவாள், ஒருத்தி மடித்து ஒட்டுவாள், ஒருத்தி நாக்கைத் தைப்பாள், அடுத்தவள் குதிகால் பக்கத்தைச் சேர்ப்பாள். கடைசி முனையில் அப்பர் முழுசாக இறங்கும். ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் தட்டு குவியும், முன்னால் இருப்பவள் கை சும்மா இருக்கும். பலகையில் ஒவ்வொரு மணிக்கும் இத்தனை ஜோடி என்று சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். எனவே எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்காமல் இருக்க ஒரு வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய இடங்களும் உண்டு என்று மற்ற கம்பெனிகளிலிருந்து வந்த பெண்கள் சொல்வார்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர்கள் நடுவில் டீக்கு ஒரு தடவை நிமிர்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்கள். அந்த டீயும் இருக்கைக்கே வந்துவிடும்.

காலாவது அசைகிறதா என்றால், பழைய மிதி மெஷினில் அசைந்தது. வீட்டில் ரவிக்கை தைக்கிற அக்காக்கள் நாள் பூராவும் கெண்டைக்கால் வலிக்க மிதித்தார்கள். மோட்டார் மெஷினில் முன்பாதத்தைக் கொஞ்சம் அழுத்தினால் போதும். கெண்டைச்சதைக்கு வேலையே இல்லை.

ஒரு நாள் பதினொரு மணிவாக்கில் நாற்பது தாண்டிய ஒரு பெண் வந்தாள். வந்தவள் கட்டிலில் உட்காரவில்லை, சாய்ந்தாள். ‘கேஸ் பிடிச்சிருக்குது, ஒரு மாத்திரை குடுங்க, லைன் நிக்குது’ என்றாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மார் வலிக்கிறதா என்றால் இல்லை, தாடை வலிக்கிறது, முதுகில் ஏதோ அழுத்துகிறது என்றாள். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். சினிமாவில் மாதிரி இடது மார்பைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, சோடா வாங்கப் போன தோழியைத் தடுத்து, கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். இங்கிருந்து வேலூருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாரடைப்பில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இதயத் தசையில் எவ்வளவு செத்துப்போகிறது என்பது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குத் தெரியும், சொல்ல முடியாது. அவள் பிழைத்தாள். ஸ்டென்ட் வைத்தார்கள். சில மாதம் கழித்து வந்து என் அறையில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டாள்: ‘விடிஞ்சதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒழைக்கிறேனே சிஸ்டர். சும்மா உக்காந்து திங்கிற பணக்காரங்களுக்கு வர்ற நோவு எனக்கு இன்னாத்துக்கு வந்துச்சு?’

அவளுக்கு வெகுநாளாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, தெரியாது. வீட்டுக்காரர் விடாமல் பீடி குடிப்பவர். காரணம் ஒன்றல்ல. ஆனாலும் அவள் கேள்வியின் அடியில் இருந்த நம்பிக்கை என் அறைக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் இருந்தது: களைத்துப் போகிறேன், ஆகவே உடம்புக்கு வேலை கொடுத்துவிட்டேன். கண்ணும் கழுத்தும் விரலும் களைத்திருக்கும், மனசு டார்கெட்டில் கசங்கியிருக்கும். தொடையும் கெண்டைக்காலும் இடுப்பும், அதாவது உடம்பின் பெரிய தசைகள், காலையில் உட்கார்ந்த இடத்திலேயே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பெரிய தசைகள் சுருங்கி விரியும்போது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கின்றன. அதற்கு இன்சுலின் தயவுகூட வேண்டியதில்லை. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பை உடைக்கும் நொதி கால் தசைகளில் இருக்கிறது. பல மணி நேரம் அசையாவிட்டால் அதன் வேலை குறைந்துவிடும். ரத்தக் குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருக்க, வேகமாக ஓடும் ரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் கால் குழாய்களில் ரத்தம் மந்தமாகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றும் சொல்லிவைத்த மாதிரி ஏறும்.

இதையெல்லாம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் பஸ் கதை சொல்வேன். லண்டனில் இரண்டடுக்கு பஸ். டிரைவர் கீழே உட்கார்ந்து ஓட்டுவார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், நாளைக்கு ஐந்நூறு படிக்கு மேல். இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சாப்பாடு. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் கணக்கைப் பார்த்தார். மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும், வந்தாலும் உயிர் போவது கண்டக்டர்களிடம் குறைவாகவும் இருந்தது. 1953-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தபால்காரர்களையும் ஆபீஸில் உட்கார்ந்திருந்த தபால் துறை ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அப்படியே. குண்டாக இருப்பவன்தான் டிரைவர் வேலைக்குப் போகிறானோ என்று சந்தேகம் வந்ததாம். உடனே மாரிஸ் கம்பெனி தைத்துக்கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட்டுகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புதான் பெரிசு. அந்தச் சந்தேகம் லேசில் தீராது என்று புரிந்து, அடுத்த பல வருஷம் அரசு ஊழியர்களின் ஓய்வுநேர உடற்பயிற்சியை ஆராய்ந்தார். 99 வயசு வரை இருந்து 2009-ல் இறந்தார்.

ஷூ தைப்பவர்களுக்கு பேன்ட் அளவுக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் சிரிக்காமல் கேட்டாள்: ‘அப்போ நாங்கல்லாம் டிரைவருங்களா? கண்டக்டர் யாரு, ஹெல்பர் பொண்ணுங்களா?’

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லைனில் நடந்துகொண்டே இருப்பவர்கள் ஹெல்பர்கள்தான். தட்டைத் தூக்கிப்போய் வைப்பது, நூல் கொண்டுவருவது, ஸ்டோருக்கு ஓடுவது. சம்பளம் எல்லாரையும்விடக் குறைவு. வேலை கற்றுக்கொண்டால் மெஷினில் உட்காரலாம். எங்கள் தொழிலில் பதவி உயர்வு என்றால் நாற்காலி. டேனரியில் மேஸ்திரி ஆனவரும் முதலில் செய்தது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டதுதான்.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து டேனரி உழைப்பே மேல், உடம்பு வஜ்ரமாக இருந்தது என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வரும். அப்பாவோடு வேலை பார்த்தவர்களிலும் மாரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களை 22 வருஷம் தொடர்ந்து பார்த்த பாஃபன்பார்கர் என்ற ஆய்வாளர், கடும் வேலை செய்தவர்களுக்கு மாரடைப்புச் சாவு குறைவு என்று 1975-ல் எழுதினார். நல்லது. ஆனால் டென்மார்க்கில் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிற்காலத்தில் செய்த ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காக்கிறது. இடைவெளி இல்லாமல் மணிக்கணக்கில் கனம் தூக்குவதோ பி.பி.யை நாள் பூராவும் ஏற்றியே வைத்திருக்கிறது, இளைப்பாற விடுவதில்லை. மறுபக்கம், இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பார்த்து 2017-ல் வெளிவந்த ‘ப்யூர்’ ஆய்வில் வேலை, வீட்டுக் காரியம், நடை எல்லாமே பலன் தந்ததாக வந்தது. அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். நான் பார்த்த வரையில் இரண்டு கோடியும் கெடுதி: முதுகை முறிக்கும் சுமையும் சரி, முதுகை அசைக்காத இருக்கையும் சரி.

என் அம்மா மூன்றாவது வகை. பீடி சுற்றினாள். மடியில் முறம், சம்மணம், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை. அவளுக்கு இருந்த ஒரே நடை, கட்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு கடைக்குப் போய்ப் போட்டுவிட்டு, இலையும் தூளும் வாங்கி வருவது. வழியில் நாலு வீட்டில் நின்று பேசுவாள். ஏஜெண்டே ஸ்கூட்டரில் வந்து வாங்கிப்போக ஆரம்பித்ததும் அந்த நடையும் போனது. வசதி என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதே போல, கிராமத்துப் பெண்கள் முதலில் நடந்தும் சைக்கிளிலும் தொழிற்சாலைக்கு வந்தார்கள். இப்போது வீட்டு வாசலுக்கு வேன்.

இது பேரணாம்பட்டின் கதை மட்டுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு சற்று வாங்கும்படி அசையச் சொல்கிறது. அதுகூட இல்லாதவர்கள் இந்தியாவில் 2000-ல் நூற்றுக்கு 22 பேர் இருந்தார்கள், 2022-ல் கிட்டத்தட்ட 50 பேர். பெண்களில் 57. நம் ஜில்லாவிலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991–94-ல் எடுத்த கணக்கை 2010–12-ல் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். உடல் எடை, பி.பி., சர்க்கரை எல்லாம் ஏறியிருந்தன. ஏற்றம் டவுனைவிட கிராமத்தில்தான் அதிகம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முந்தியே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது. அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப்.

நடக்கச் சொல்வது சுலபம். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது. நல்ல திட்டம். காலைப் பொழுது கையில் இருப்பவர்களுக்கான திட்டம். லைனில் இருக்கும் பெண் நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளை அனுப்பி, ஏழரைக்கு வேனில் ஏறுகிறாள். இறங்கும்போது இருட்டு. எங்கள் பக்கம் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். வெளிச்சம் இல்லாத தெரு, நாய்கள், ‘எங்கம்மா கெளம்பிட்ட?’ என்று கேட்கும் திண்ணைகள். புர்கா போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். பத்தாயிரம் அடி கணக்கு வேறு அவர்களைப் பயமுறுத்தும். அது 1960-களில் ஜப்பானில் ஒரு கம்பெனி தன் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த எண். அதில் பாதியைத் தாண்டினாலே பலன் தெரிய ஆரம்பிக்கிறது என்று சொல்லித்தான் அவர்களை உட்கார வைப்பேன், மன்னிக்கவும், எழுந்திருக்க வைப்பேன்.

வீட்டில் முடியாது என்றால் தொழிற்சாலைக்குள்தான் முடிய வேண்டும். தண்ணீர்க் கேனை லைன் முனையிலிருந்து எடுத்து ஹாலின் அந்தக் கோடிக்கு மாற்றச் சொன்னேன். சூப்பர்வைசர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். சாப்பாடு முடிந்ததும் ஷெட்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடக்க ஒரு கூட்டத்தைச் சேர்த்தேன். சாப்பிட்டவுடன் நடந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாது என்பதை என் குளுக்கோமீட்டரிலேயே காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். தட்டு காலியாகும்போதெல்லாம் எழுந்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். ஆண்கள் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டார்கள். ஏற்றுமதி நெருக்கும் மாதங்களில் எல்லாம் நின்றுபோகும், பிறகு பாதிப் பேர் திரும்ப வருவார்கள். ஸ்டென்ட் வைத்த அந்தப் பெண்ணைத் தைக்கும் மெஷினிலிருந்து செக்கிங் மேஜைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். நின்று செய்கிற வேலை. மாற்றினார்கள். சம்பளமும் குறையவில்லை. அதை மறக்காமல் சொல்ல வேண்டும். 2024-ல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொழிற்சாலைகளுக்குள்ளும் வரத் தொடங்கியதில், பி.பி.யும் சர்க்கரையும் முன்னாலேயே கண்டுபிடிக்கிற இடங்கள் கூடியிருக்கின்றன. ஆனால் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்து, அதே இருக்கைக்கே அனுப்புகிறோம்.

வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர்கள் வருஷம்தோறும் வருவார்கள். என் அறைக்கும் வருவார்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகவில்லையே, தீயணைப்பான் எங்கே, அவசர வழி பூட்டியிருக்கிறதா, பதினெட்டு வயசு ஆகாதவர்கள் இருக்கிறார்களா, எல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். இந்தப் பெண் கடைசியாக எப்போது எழுந்து நின்றாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. சட்டமும் கேட்கவில்லை. நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொன்னது. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது, அது நியாயமான வெற்றி. ஐந்து மணி நேரத்துக்குமேல் ஒரேயடியாக வேலை வாங்காதே, அரை மணி இடைவேளை கொடு என்றது 55-ஆவது பிரிவு. அதற்கு என்ன அர்த்தம்? ஐந்து மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தால் குற்றமில்லை.

எட்டு மணி நேரத்துக்குமேல் உட்காருகிறவர், அந்தத் தீங்கை ஈடுகட்ட நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும் என்று பத்து லட்சம் பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் எந்த லைன் பெண்ணிடமும் இல்லை. ஆகவே பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் லைன் வைத்திருக்கிற முதலாளிகளிடம் நான் கேட்பது இது: மணிக்கு மூன்று நிமிஷம் மெஷினை நிறுத்துங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் எழட்டும், யாருக்கும் வெட்கமும் இருக்காது, யார் தட்டும் குவியாது. எட்டு மணி நேரத்துக்கு 24 நிமிஷம். அதை டார்கெட்டிலும் பிடிக்காதீர்கள், சம்பளத்திலும் பிடிக்காதீர்கள்.